வானத்துக்கும் வேலி!

வானத்துக்கு வரப்பில்லை, வாய்க்காலில்லை. அதற்குப் பட்டா எழுதிக் கொடுத்தவர் எவருமில்லை. பருந்து பறக்கிறது, அதன் குலமென்ன, கோத்திரமென்ன என்று காற்று கேட்பதில்லை. இறகு தாங்கினால் ஏற்றம், தாங்காவிட்டால் இறக்கம். இயற்கை வைத்திருக்கும் தகுதித் தேர்வு அந்த ஒன்றுதான். அதில் சிபாரிசு செல்லாது. பிறப்புச் சான்று செல்லாது.

அத்தகைய வானத்துக்கும் வேலி போட்டான் மனிதன்! போட்டவன் காட்டுமிராண்டியல்ல, கல்வியில்லாதவனல்ல. சுதந்திர தேவிக்குச் சிலையெடுத்த நாட்டான். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று சாசனம் தீட்டிய நாட்டான். அமெரிக்க நாட்டில் வானூர்தி பிறந்த நாளிலிருந்தே, வெள்ளையருக்கு ஒரு வழி, கருப்பருக்கு வழியே இல்லை என்ற நிலை. ஆடவருக்கு ஒரு நீதி, பெண்டிருக்கு வேறொரு நீதி. இந்த இரண்டு வேலிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்து நின்ற இடத்தில் நின்றவள் கருப்பினப் பெண். அவள் போர்ப்படையின் வானூர்தியில் ஏறி அமர்வதற்குள் ஒரு தலைமுறை மாண்டது; மறு தலைமுறை முதுமையடைந்தது. அந்த வரலாற்றைத்தான் தோழர்களே, இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். வியப்பதற்காக மட்டுமல்ல, தகுதி, திறமை என்று இன்றும் ஓதப்படும் மந்திரத்தின் பொருளை அறிந்து கொள்வதற்காகவும்!

பெஸ்ஸி கோல்மன் 1892-இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். பதின்மூன்று குழந்தைகளில் பத்தாவது குழந்தை. பருத்தி வெடிக்கும் பருவம் வந்தால் பள்ளி மூடப்படும்; பிள்ளைகள் வயலுக்குச் செல்வர். தாய் வெள்ளையர் வீட்டில் வேலைக்காரி. கல்லூரியில் சேர்ந்த பெஸ்ஸிக்கு ஒரு பருவத்தோடு கைப்பணம் தீர்ந்தது, படிப்பும் நின்றது. 1915-இல் சிகாகோ நகரத்துக்கு வந்து, முடிதிருத்தும் நிலையமொன்றில் வாடிக்கையாளரின் நகங்களைச் சீர் செய்யும் வேலையில் அமர்ந்தார். முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்று திரும்பிய அண்ணன் ஜான், ஒரு நாள் எள்ளி நகையாடினான்: பிரெஞ்சுப் பெண்கள் வானூர்தி ஓட்டுகிறார்கள், உங்களால் ஆகுமா என்று. கேலி பேசிய வாய் மூடுவதற்குள் தங்கை முடிவு செய்துவிட்டார், ஓட்டுவேன் என்று!

அமெரிக்கப் பள்ளிகளைத் தேடிச் சென்றார். ஒரு பள்ளிகூடக் கதவு திறக்கவில்லை. கருப்பி என்றது ஒன்று. பெண் என்றது மற்றொன்று. பணமில்லை என்று தள்ளினார்களா? அறிவில்லை என்று தள்ளினார்களா? தேர்வு வைத்துத் தோற்றதால் தள்ளினார்களா? இல்லை! தேர்வே வைக்கவில்லை. 'சிகாகோ டிஃபென்டர்' என்ற கருப்பின மக்களின் ஏட்டை நடத்திய ராபர்ட் அபாட், பிரான்சுக்குச் சென்று படி என்று வழிகாட்டினார். பெஸ்ஸி பிரெஞ்சு மொழி பயின்றார், பணம் சேர்த்தார், 1920 நவம்பரில் கடல் கடந்தார். 1921 சூன் 15-ஆம் நாள் பன்னாட்டு வானூர்திக் கழகத்தின் உரிமம் அவர் கைக்கு வந்தது. சொந்த நாடு மறுத்ததை அயல்நாடு அளித்தது.

திரும்பி வந்து வான் சாகசக் காட்சிகள் நடத்தினார். வளர்ந்த ஊரான வாக்சஹாச்சியில் காட்சி நடத்த ஏற்பாடாயிற்று. வெள்ளையர் நுழைய ஒரு வாயில், கருப்பர் நுழைய வேறு வாயில் என்று வகுத்தனர். அனைவரும் ஒரே வாயிலில் நுழைந்தாலன்றிப் பறக்கமாட்டேன் என்றார் பெஸ்ஸி. வாயில் ஒன்றாயிற்று! உள்ளே இருக்கைகள் பிரிந்தே கிடந்தன. ஆயினும் ஒரு பெண்ணின் உறுதி ஒரு வேலியையாவது பிடுங்கி எறிந்தது. கருப்பின மக்களுக்கென்று வானூர்திப் பள்ளி தொடங்க வேண்டுமென்பது அவர் கனவு. 1926 ஏப்ரல் 30-இல் ஃபுளோரிடாவில், ஒத்திகையின்போது, கழன்று கிடந்த ஒரு திருகு சாவி விசைகளுக்கிடையே சிக்கியதால் வானூர்தி நிலைகுலைந்து, தூக்கி எறியப்பட்டு மாண்டார். வயது 34.

பெஸ்ஸி விண்ணில் வட்டமிட்டுக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மண்ணில் உட்கார்ந்து ஏடு எழுதிக் கொண்டிருந்தார்கள் சில அறிவாளிகள். 1925-இல் அமெரிக்கத் தரைப்படையின் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. கருப்பனின் மூளை சிறியது, அவனுக்குத் துணிவில்லை, தலைமை தாங்கும் ஆற்றலில்லை என்பது அதன் சாரம். அளவுகோல் பிடித்து மண்டையை அளந்தார்களாம். எடைக்கல் வைத்து மூளையை நிறுத்தார்களாம்! விஞ்ஞானம் என்று பெயர் சூட்டிவிட்டால் வெறி அறிவாகிவிடுமா? தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று பேசிய புராணத்துக்கும், மூளையின் எடையைப் பேசிய இந்த அறிக்கைக்கும் என்ன வேறுபாடு? முன்னது ஆண்டவன் பெயரால் சொன்ன பொய். பின்னது ஆராய்ச்சியின் பெயரால் சொன்ன பொய். இத்தனைக்கும், யூஜின் புல்லார்டு என்ற கருப்பின அமெரிக்கர் 1917-இலேயே பிரெஞ்சுப் படையில் போர் வானூர்தி ஓட்டியிருந்தார். கண்முன் நின்ற சான்றைக் காண மறுத்துவிட்டு, கருப்பனுக்குத் துணிவில்லை என்று எழுதுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

பெஸ்ஸி மறைந்தார், கனவு மறையவில்லை. கென்டக்கியில் பிறந்து சிகாகோவில் வாழ்ந்த வில்லா பிரவுன், 1938-இல் அமெரிக்காவிலேயே பயின்று வானோடி உரிமம் பெற்ற முதல் கருப்பினப் பெண்ணானார். இயந்திரம் பழுது பார்க்கவும் முறையாகப் பயின்றவர் அவர். கார்னீலியஸ் காஃபி என்ற தோழருடன் சேர்ந்து, சிகாகோவின் புறநகரில் வானூர்திப் பள்ளி நடத்தினார். கருப்பின இளைஞருக்கும் அரசுச் செலவில் வானோட்டப் பயிற்சி வேண்டும் என்று வாதாடினார், எழுதினார், தலைநகர் வரை குரலெழுப்பினார். பிற்காலத்தில் டஸ்கீகி வானோடிகள் என்று புகழ்பெற்ற கருப்பினப் போர் வானோடிகளில் பலர் அவருடைய பள்ளியில் முதற்பாடம் கற்றவர்கள். 1942-இல் குடிமை வான்காவல் அமைப்பில் முதல் கருப்பின அதிகாரியாக அவர் அமர்ந்தார்.

இதிலே ஒரு கொடுமையைக் கவனியுங்கள். 1941-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், கருப்பினத்தாருக்கெனத் தனியே, போர் வானோட்டப் பயிற்சி தொடங்கப்பட்டது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே பயின்று வானோடிகளாயினர். மூளை சிறியது என்ற அறிக்கை முகத்தில் கரி பூசிக் கொண்டது. ஆனால், அந்த ஆயிரம் பேரில் ஒருத்திகூடப் பெண்ணில்லை! கற்றுக் கொடுக்கும் ஆசிரியையாக வில்லா பிரவுன் இருக்கலாம். கற்று முடித்துப் போருக்குப் பறக்கும் வாய்ப்பு ஆடவருக்கு மட்டுமே. இன விடுதலைக்குத் திறந்த கதவிலும் பெண்ணுக்கு இடம் வைக்க மறந்தார்கள். அதே டஸ்கீகியில் மில்ட்ரெட் ஹெம்மன்ஸ் என்ற மங்கை 1941-இல் வானோடி உரிமம் பெற்றார். அவரை மணந்த ஹெர்பர்ட் கார்ட்டர் போர் வானோடியாகச் சென்றார். மில்ட்ரெட்டுக்கோ படைக் கதவு மூடியே கிடந்தது.

பெண்களுக்கென்று வேறு கதவு இருந்ததே என்பீர்கள். இருந்தது! ஆடவரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு, உள்நாட்டில் வானூர்திகளைக் கொண்டு சேர்க்கவும், சோதித்துப் பார்க்கவும், குண்டு சுடும் பயிற்சிக்காக இலக்குத் துணியை இழுத்துப் பறக்கவும் பெண் வானோடிகள் தேவைப்பட்டனர். 1943-இல் 'வாஸ்ப்' என்ற அமைப்பு உருவாயிற்று. 25,000-க்கு மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தனர். 1,074 பேர் பயிற்சி முடித்தனர். 38 பேர் பணியில் உயிர் துறந்தனர். அவர்கள் படைவீரராகக்கூட மதிக்கப்படவில்லை. மாண்டவரின் உடலை வீட்டுக்கு அனுப்பும் செலவைக்கூட அரசு ஏற்கவில்லை. போர் வீரர் என்ற தகுதியை அவர்களுக்கு அளிக்க 1977 வரை காலம் பிடித்தது. அவ்வளவு அவமதிப்பைத் தாங்கிய அந்தப் பெண்களின் அமைப்பு, கருப்பினப் பெண்களுக்குச் செய்தது என்ன? கதவடைத்தது! மில்ட்ரெட்டின் விண்ணப்பத்தை இனம் காட்டித் தள்ளியது. அமைப்பின் தலைவி ஜாக்குலின் காக்ரன், பெண்களை ஏற்கச் செய்வதே பெரும்பாடாக இருக்கிறது, இந்த நேரத்தில் கருப்பினத்தையும் சேர்த்தால் திட்டமே கவிழும் என்று காரணம் கூறி, விண்ணப்பித்த கருப்பினப் பெண்ணை விலகிக் கொள்ளச் செய்தார். ஒடுக்கப்பட்டவர், தமக்குக் கீழே ஒருவரை ஒடுக்கித் தம் இடத்தைக் காத்துக் கொள்வது! படிக்கட்டுப் போன்ற சமுதாயத்தில் ஒவ்வொரு படியிலிருப்பவருக்கும் மிதிக்க ஒரு தலை கிடைக்கிறது. அதனாலேயே படிக்கட்டு நிலைத்திருக்கிறது.

இனி ஜேனட் பிராக் வரலாற்றைக் கேளுங்கள். தகுதி பேசுவோர் தவறாமல் கேட்க வேண்டிய வரலாறு இது. ஜார்ஜியாவில் பிறந்து, செவிலியர் பயிற்சி முடித்து, சிகாகோவில் பணியாற்றியவர். தன் சம்பாத்தியத்தில் வானூர்தி வாங்கித் தோழர்களோடு பறந்தவர். 'வாஸ்ப்' அமைப்புக்கு விண்ணப்பித்தார். நேர்காணலில் நிறம் கண்டதும் நிராகரித்தனர். சரி, வானோடியாக வேண்டாம், செவிலியாகவேனும் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று தரைப்படையின் செவிலியர் பிரிவுக்கு எழுதினார். வந்த மறுமொழி என்ன தெரியுமா? கருப்பினச் செவிலியருக்கான எண்ணிக்கை நிரம்பிவிட்டது! ஆம், தோழர்களே, அங்கே ஒதுக்கீடு இருந்தது! உள்ளே விடுவதற்கான ஒதுக்கீடல்ல. இத்தனை பேருக்கு மேல் வரக்கூடாது என்று வெளியே நிறுத்துவதற்கான ஒதுக்கீடு. போரில் காயம்பட்டவனுக்குக் கட்டுப்போடும் கை எந்த நிறம் என்று பார்த்தனர். ஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டதும் தகுதி போயிற்றே என்று தலையில் அடித்துக் கொள்வோர், அந்த ஒதுக்கீட்டைக் கண்டு என்றேனும் அழுதார்களா?

கதை முடியவில்லை. வணிக வானோடி உரிமத்துக்காக ஜேனட் டஸ்கீகிக்குச் சென்றார், பயின்றார், தேர்வுக்கு அமர்ந்தார். பறக்கும் தேர்வை நடத்திய வெள்ளை அதிகாரி, இந்தப் பெண் நன்றாகவே ஓட்டினாள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கருப்பினப் பெண்ணுக்கு உரிமம் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை, கொடுக்கவும் போவதில்லை என்று கூறிவிட்டார்! சிகாகோவுக்குத் திரும்பி, அங்கே மறுபடியும் தேர்வு எழுதி, அந்த உரிமத்தைப் பெற்றார் ஜேனட். அதே கை, அதே கண், அதே வானம். அலபாமாவில் தோல்வி, இல்லினாயில் வெற்றி! மாறியது எது? தேர்வாளரின் மனம் ஒன்றுதான்.

தகுதி இல்லாததால் வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பது ஆதிக்கக்காரர் நெடுநாளாகப் பாடிவரும் பாட்டு. இங்கே தகுதி இருந்தது. தேர்வாளனே சான்று சொன்னான். அப்படியும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. எனவே, தகுதி என்பது அவர்களுக்குக் காரணமன்று; சாக்கு. சாக்கு உடைபட்டதும் வேறு சாக்கு வரும். முதலில் மூளை சிறியது என்றனர். டஸ்கீகி அதைப் பொய்யாக்கியது. பிறகு பெண்ணின் உடல் தாங்காது என்றனர். 'வாஸ்ப்' அதைப் பொய்யாக்கியது. பிறகு காலம் கனியவில்லை என்றனர். காலம் என்ன மாம்பழமா, தானே கனிந்து மடியில் விழ? கனியவைத்தது போராட்டம், கனியாதபடி காத்தது ஆதிக்கம்.

1948 சூலை 26-இல் அதிபர் ட்ரூமன், படைகளில் இன வேற்றுமை கூடாதென்று ஆணையிட்டார். வேலி அன்றே வீழ்ந்திருக்க வேண்டுமல்லவா? வீழவில்லை. 'வாஸ்ப்' அமைப்பை 1944-இலேயே கலைத்துவிட்டிருந்தனர். அதன் பிறகு ஒரு தலைமுறைக் காலம் படை வானூர்திகளில் பெண்ணுக்கு இடமே இல்லை. கடற்படை 1973-இல் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கியது. முதல் பெண்கள் 1974-இல் சிறகு முத்திரை பெற்றனர். தரைப்படையிலும் 1974-இல் பெண் வானோடி வந்தார். வான்படை 1976-இல் கதவு திறந்தது. கருப்பினப் பெண்? 1979-இல் மார்செல்லா ஹேயஸ் தரைப்படையின் ஹெலிகாப்டர் வானோடியானார். அமெரிக்கப் படைகள் அனைத்திலும் முதல் கருப்பினப் பெண் வானோடி அவரே. 1980-இல் பிரெண்டா ராபின்சன் கடற்படையில் சிறகு பெற்றார். 1982-இல் தெரசா கிளேபோர்ன் வான்படையில் முதல்வரானார். நடுவானில் மற்ற வானூர்திகளுக்கு எரிபொருள் ஊட்டும் பெரும் வானூர்தியை ஓட்டினார்.

கணக்குப் போடுங்கள். பெஸ்ஸி உரிமம் பெற்றது 1921. மார்செல்லா சிறகு பெற்றது 1979. இடையே 58 ஆண்டுகள்! பறக்கத் தெரிந்த கருப்பினப் பெண் இல்லாமற் போன ஆண்டுகளல்ல அவை; பறக்கத் தெரிந்தவளைத் தரையில் நிறுத்தி வைத்த ஆண்டுகள்.

அதன் பின்னும் ஒரு வேலி மிச்சமிருந்தது. பெண் வானூர்தி ஓட்டலாம். போரிடும் வானூர்தி கூடாது என்றனர். 1993-இல் அந்தத் தடை நீங்கியது. தடை நீங்கிய ஆறே ஆண்டுகளில், 1999-இல், ஷாவ்னா கிம்பிரெல் சிறகு பெற்று, வான்படையின் முதல் கருப்பினப் பெண் போர் வானோடியாக எஃப்-16 வானூர்தியில் அமர்ந்தார். நாஷ்வில் நகரக் காவல்துறையில் பணியாற்றிய வெர்னிஸ் ஆர்மர், கடற்சார் படையில் சேர்ந்து, 2001-இல் சிறகு பெற்று, 2003-இல் ஈராக்கில் தாக்குதல் ஹெலிகாப்டர் ஓட்டினார். கடற்படையோ மேலும் காத்திருக்க வைத்தது. பெண்ணொருத்தி கடற்படையின் தாக்குதல் ஜெட் வானூர்தியை முதன்முதல் ஓட்டியது 1975. கருப்பினப் பெண்ணொருத்தி, மேடலின் ஸ்வேகிள், அத்தகைய வானோடியாகச் சிறகு பெற்றது 2020! ஒரே படை, ஒரே வானம், இரண்டு பெண்களுக்கிடையே 45 ஆண்டுகள்!

'முதல் பெண்', 'முதல் பெண்' என்று ஏடுகள் பாராட்டி எழுதுகின்றன. பாராட்டுவோம், ஐயமில்லை. ஆனால், ஒவ்வொரு 'முதல்' என்ற சொல்லும் ஒரு குற்றப்பத்திரிகை என்பதை மறக்கலாமா? 2020-இல் ஒருத்தி முதல்வராகிறாள் என்றால், 2019 வரை அந்த இடத்தைச் சூனியமாக வைத்திருந்தது யார் என்று கேட்பதன்றோ பகுத்தறிவு? மாலை சூட்டும் கையே நேற்றுவரை கதவைச் சாத்தியிருந்த கை. மாலையை வாங்கிக் கொள்வோம், கணக்கையும் கேட்போம். இன்றும் அமெரிக்க வானோடிகளில் கருப்பினப் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதனாலன்றோ தெரசா கிளேபோர்னும் அவருடைய தோழியரும் அமைப்பு வைத்து, இளம் பெண்களைத் தேடிப் பிடித்து, பயிற்சிக்குப் பொருளுதவி திரட்ட வேண்டியிருக்கிறது!

ஒரு கேள்வி எழும். பகுத்தறிவாளன் போரை விரும்புவானா? குண்டு பொழியும் வானூர்தியில் யார் ஏறினால் என்ன? ஈராக்கில் வீழ்ந்த குண்டு, கருப்புக் கை வீசியதாலே மலராகிவிடுமா? நல்ல கேள்வி; தட்டிக் கழிக்க வேண்டிய கேள்வியல்ல. போரைப் புகழ்வது நம் நோக்கமன்று. அந்தப் போர் நியாயமா, அநியாயமா என்பது நாட்டை ஆள்வோரிடம் கேட்கவேண்டிய கணக்கு; அதைக் கேட்டே தீரவேண்டும். ஆனால், படையிலே இடம் என்பது பட்டாடையும் பதக்கமும் மட்டுமல்ல. அரசுச் செலவில் உயர்ந்த தொழிற்கல்வி, ஊதியம், ஓய்வூதியம், வெளியே வந்தபின் விமான நிறுவனங்களில் வேலை எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னே இருக்கின்றன. வரி கொடுத்தவள் அவள்; மகனைப் போருக்குக் கொடுத்தவள் அவள்; பயனை மட்டும் பிறர் துய்க்க வேண்டுமா? போர் வேண்டாம் என்று ஒருத்தி மறுப்பது அவள் உரிமை. நீ வேண்டாம் என்று அவளை மறுப்பது அடிமைத்தனம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது ஆதிக்கத்துக்கு வசதி!

பழங்கதை பேசுகிறாயே, எல்லாம் முடிந்த கதையன்றோ என்பாரும் உண்டு. முடிந்ததா? 2025 சனவரியில் அமெரிக்க வான்படை என்ன செய்தது? புதிதாகச் சேர்வோருக்குக் கற்பித்த பாடத்திலிருந்து, டஸ்கீகி வானோடிகளைப் பற்றிய படக்காட்சியையும், 'வாஸ்ப்' பெண்களைப் பற்றிய படக்காட்சியையும் எடுத்துவிட்டது. பன்மைத்துவத் திட்டங்களை ஒழிக்க வேண்டுமென்ற புதிய ஆட்சியின் ஆணைக்குப் பிறகு நடந்தது இது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சில நாட்களில் மீண்டும் பாடத்தில் சேர்த்தனர். கண்டனம் எழாதிருந்தால்? குரல் கொடுக்க ஆளில்லாதிருந்தால்? இடத்தைப் பறிப்பவன் முதலில் நினைவைப் பறிக்கிறான். வேலி போட்ட கதையை அழித்துவிட்டால், வேலியே இருந்ததில்லை என்று நாளைக்குச் சொல்லலாம். வெளியே நின்றவளைப் பார்த்து, உனக்குத் தகுதியில்லாததால் நின்றாய் என்று கூசாமல் கூறலாம். வரலாற்றை மறைப்பதும் வாய்ப்பை மறுப்பதும் ஒரே கையின் இரண்டு வேலைகள்.

அமெரிக்கக் கதை நமக்கேன் என்று கேட்காதீர்கள். 1873-இல் மராட்டிய மண்ணிலே ஜோதிராவ் பூலே, 'குலாம்கிரி' என்னும் தம் நூலை, கருப்பின அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். சாதியால் நசுங்கியவருக்கும் நிறத்தால் நசுங்கியவருக்கும் உள்ள உறவை, கடலும் தூரமும் மறைக்க முடியவில்லை அவர் கண்ணுக்கு. நமக்கும் அந்தக் கண் வேண்டும்.

இளைஞர்களே! நாளை எவனேனும் உங்களிடம் வந்து, தகுதிக்கே இடம் என்று மேடையேறி முழங்கினால், அவனை மறுக்காதீர்கள். ஆம், தகுதிக்கே இடம் என்று கூறிவிட்டு, ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: தேர்வில் வென்ற ஜேனட் பிராக்குக்கு உரிமம் தர மறுத்தானே ஒரு தேர்வாளன், அவனுடைய தகுதியைச் சோதித்தது யார்? நாற்காலியில் இருப்பவனின் நேர்மையைச் சோதிக்காமல், வாசலில் நிற்பவளின் அறிவை மட்டும் சோதிப்பது என்ன நீதி? விடை வரும்வரை கேளுங்கள். ஊர்தோறும், பள்ளிதோறும், படிப்பகந்தோறும் கேளுங்கள். பெஸ்ஸி கோல்மன் வாக்சஹாச்சியில் கேட்டதும் அதுதான்: எல்லோருக்கும் ஒரே வாயில். அது திறக்கும்வரை, பறக்கத் தெரிந்தவர்களும் தரையில்தான் நிற்க வேண்டியிருக்கும்!